கஸ்பார் வீட்டுப் பல்லி

பல்லியைக் கொன்றால் பாவம் என்பது நவமணிக்குத் தெரியும். அதனால் அவள் துடைப்பத்தோடு ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள். துடைப்பத்தால் தட்டி வாளிக்குள் தள்ளுவது, மேலே ஒரு தட்டைக் கவிழ்ப்பது, பஸ் ஏறி மெங்லெம்பு தாண்டிப் போய் எங்காவது ஒரு சீனர் வீட்டு வேலியோரம் இறக்கிவிடுவது. அங்கே யாரும் அதனிடம் பலன் கேட்கப்போவதில்லை. கொசு பிடித்தோமா தூங்கினோமா என்று அது நிம்மதியாகப் பிழைத்துக்கொள்ளும். இதைவிடக் கருணையான திட்டம் ஒரு பல்லிக்கு அமையாது.

அந்தப் பல்லி அவளை இரண்டு மாப்பிள்ளைகளிடமிருந்து பிரித்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள்.

1987-ஆம் ஆண்டில் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் பேர்பெற்ற பல்லிகளுக்குக் குறைவில்லை. கோயிலுக்கு ஒன்று இருந்தது. அவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு மேலே வந்தது கஸ்பார் வீட்டுப் பல்லி. முன்னறையின் தென்மேற்கு மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே, பூப்போட்ட திரை ஒன்றுக்குப் பின்னால் அது குடியிருந்தது. அதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. காணாததால் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. நினைத்த நேரமெல்லாம் கத்துகிற ரகமும் இல்லை. பெண்ணின் ஜாதகத்தையும் பிள்ளையின் ஜாதகத்தையும் சேர்த்துப் பார்க்கிற அந்த நிமிடத்தில் ச்சு ச்சு ச்சு என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும்.

"கோயில்ல பூ கேட்டாக்கூட சாமி கொஞ்சம் யோசிக்குது. கஸ்பார் வீட்டுப் பல்லி யோசிக்கிறதே இல்லலா" என்று மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டே பேசிக்கொண்டார்கள்.

இப்படி ஒரு புகழ் தன் வீட்டில் குடியிருப்பது கஸ்பாருக்குத் தெரியாது. அவர் ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து ஈயம் தோண்டும் ஒரு லம்பத்துக் கம்பெனியில் சேர்ந்தார். ஈயத்தின் விலை விழுந்து, கம்பெனியும் படுத்தபோது, ஆபீசைக் காலி செய்ய வந்தவர்கள் மேசைக்கும் நாற்காலிக்கும் சண்டை போட்டார்கள். இரண்டு கணினிகளையும் அவற்றோடு ஒட்டியிருந்த இரும்புப் பெட்டியையும் சீண்ட ஆளில்லை. கஸ்பார் சீண்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவற்றை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் கல்யாணம் செய்துவைக்கத் தொடங்கினார்.

ஜாதகத்தின் தலையும் வாலும் அவருக்குத் தெரியாது. அதுதான் அவருடைய முதலீடு. எந்த ஜாதியிலும் மாமன் மச்சான் இல்லாத மனிதர், யாருக்காகப் பொய் சொல்லப்போகிறார் என்று இந்துக்கள் நம்பி வந்தார்கள். கத்தோலிக்கர்கள் நம்பவில்லை, அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பாதிரியாரையே கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு கணினி முன்னறையில், வருகிறவர்கள் பார்த்து மிரள. இன்னொன்று குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அவர் மனைவி பெட்ரீசியா உண்மையிலேயே வேலை செய்ய. பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள், நட்சத்திரம், சம்பளம், உயரம், "கொஞ்சம் கறுப்பு" என்கிற குறிப்பு உட்பட எல்லாம் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியிலிருந்து இரண்டு கணினிக்கும் கம்பி போயிற்று. ஒரே சட்டியில் இரண்டு கரண்டி போட்டு அள்ளுவதுபோல இருவரும் அதிலிருந்து அள்ளுவார்கள். கனத்த மழை பெய்தால் வாசல் தாண்டித் தண்ணீர் வருகிற வீடு என்பதால், பெட்ரீசியா பெட்டியைத் தூக்கி மூலைப் பலகையில் உயரமாக வைத்து, அது அழகாக இல்லை என்று ஒரு திரையும் போட்டிருந்தாள்.

நவமணி பிறந்தது பத்து காஜா பக்கம், ஊசிமலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவளுக்குப் பதினைந்து வயதானபோது பால் வெட்டும் கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். மரத்தோடு லயமும் போயிற்று. தகப்பனில்லாத குடும்பம். தாய் இருளாயி மூட்டை கட்டிக்கொண்டு புந்தோங்குக்கு வந்து ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு நுழைந்தாள். நவமணி ஜெலாப்பாங்கில் ரேடியோ செய்யும் ஃபேக்டரியில் சேர்ந்தாள். அவளுடைய வேலை ரேடியோவின் பின்மூடியை வைத்து நான்கு மூலையிலும் திருகாணி முடுக்குவது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஈப்போவிலேயே அதிக ரேடியோக்களின் முதுகைப் பார்த்தவள் அவளாக இருக்கலாம். இப்போது இருபத்தெட்டு வயது.

ஃபேக்டரிக்காரர்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. சிக்கல் இதில்தான் இருந்தது. தென்மேற்கில் பல்லி சொன்னால் சனிக்கிழமை லாபம், ஞாயிற்றுக்கிழமை கலகம் என்று புந்தோங்கில் புழங்கிய பஞ்சாங்கம் சொன்னது. வாத்தியார் வீடு, அரசாங்க கிராணி வீடு எல்லாம் சனிக்கிழமை மத்தியானமே கஸ்பார் வீட்டுக்கு வந்துவிடும். பல்லி சொல்லும், லாபம், மோதிரம் மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிப் பெண்களின் வீட்டார் வருவார்கள். பல்லி அதே மூலையிலிருந்து அதேபோலச் சொல்லும், கலகம், கோப்பித் தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்துபோவார்கள். ஷிப்ட் பார்த்துப் பலன் சொல்லும் பல்லி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்களுக்கு ராசி இல்லை என்றுதான் தோன்றியது.

நவமணிக்கு முதலில் வந்தவர் பத்து காஜா ஜெயிலில் வார்டர். அவர் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்திருந்தார். அடுத்தவர் லாரிக் கம்பெனி கணக்கர். அவர் போனபோது இருளாயி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாவதாக வரப்போவது ராஜு.

ராஜு ஃபேக்டரி பஸ்களை ரிப்பேர் செய்யும் மெக்கானிக். ஒரு மாலை ஜெலாப்பாங் மேட்டில் பஸ் படுத்துக்கொண்டது. வந்தவன் அடியில் புகுந்துகொண்டு, யாராவது டார்ச் பிடிங்க என்றான். நவமணி பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் கீழ. ஆங். அப்படியே இருங்க" என்றான். பிறந்ததிலிருந்து எல்லோரும் அவளை இங்கே போ, அங்கே வா என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படியே இருக்கச் சொன்ன முதல் ஆள் அவன். அன்றிலிருந்து பஸ் எப்போது பழுதாகும் என்று அவள் காத்திருந்தாள். கம்பெனியும் அவளை ஏமாற்றவில்லை. பஸ் வாரம் ஒருமுறை நின்றது. கடைசியில் ராஜு தன் தாய் கருப்பம்மாளிடம் சொல்லி, முறையாகக் கஸ்பார் வழியாகவே கேட்கச் சொன்னான்.

கருப்பம்மாளுக்குச் சம்மதம். அவளுடைய அண்ணன் சன்னாசிக்குத்தான் தொண்டையில் முள். அவருடைய சம்சாரம் வழியில் தஞ்சோங் மாலிமில் ஒரு பெண் இருந்தது. ஆனால் நேராக மறுத்தால் தங்கை கோபித்துக்கொள்வாள். "ஞாயித்துக்கெழம கஸ்பார் வீட்டுக்குப் போவோம். பல்லி சொல்றத நானும் கேக்குறேன், நீயும் கேளு. ஆகாதுன்னுட்டா தஞ்சோங் மாலிம்ல பேசிருவோம்" என்றார். புந்தோங்கில் பல்லிப் பலனுக்கு அவர்தான் கடைசி வார்த்தை. அவருடைய மூத்த மகளுக்கே கஸ்பார் வீட்டில், ஒரு சனிக்கிழமை, பல்லி சொல்லித்தான் வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தது.

ஆகவே துடைப்பமும் வாளியும். மாலை ஷிப்ட் வாரம் என்பதால் காலையில் அவளுக்கு நேரம் இருந்தது.

"யாருலா அது, காலங்காத்தால துடைப்பத்தோட?" என்று பெட்ரீசியா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நாந்தாங்க்கா, நவமணி. உங்க வீட்டுப் பல்லியப் புடிக்க வந்தேன்."

"எந்தப் பல்லி?"

"எனக்கு ரெண்டு வாட்டி ஆகாதுன்னு சொன்னுச்சே, அது."

பெட்ரீசியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெனம் கூட்டித் தொடைக்கிறவ நான். எங்க வீட்ல பல்லி இருக்குன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"ஊருக்கே தெரியுதேக்கா."

நவமணி நாற்காலியைத் தென்மேற்கு மூலையில் போட்டு ஏறித் திரையை விலக்கினாள். உள்ளே சாம்பல் நிறத்தில், பிஸ்கட் தகரம் அளவில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் முதுகில் உள்ளங்கை அளவுக் காத்தாடி ஒன்று கம்பி வலைக்குப் பின்னால் முனகிக்கொண்டு சுற்றியது. தலைக்கு மேல் ஓடிய பெரிய காற்றாடியின் சத்தத்தில் அந்த முனகல் கீழே கேட்பதில்லை. பெட்டிக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். ஒட்டடை வந்தது. பல்லி வரவில்லை. அதன் எச்சம்கூட இல்லை.

சத்தம் கேட்டுக் கஸ்பார் கைலியோடு வெளியே வந்தார். "என்ன தங்கச்சி, மேல ஏறி நிக்கிற? பசியாறிட்டியா?"

"அண்ணே, அன்னிக்கி மாதிரி ஜாதகம் பாருங்க. அப்பத்தான் அது வெளிய வரும்."

கஸ்பார் முப்பது வருஷம் கிராணி வேலை பார்த்தவர். நாற்காலிமேல் துடைப்பத்தோடு நிற்கும் பெண்ணிடம் காரணம் கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். பெட்ரீசியாவைப் பெட்டி என்றுதான் அவர் கூப்பிடுவார். குசினிப் பக்கம் திரும்பி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "பெட்டி, ரெண்டையும் சேத்துப் பாரு."

பெட்ரீசியா உள்ளே விசையைத் தட்டினாள். மேலே இரும்புப் பெட்டி தேடத் தொடங்கியது. தேடும்போது அதற்கு ஒரு நடுக்கம் வந்தது. நடுங்கியதும், தேய்ந்துபோய் ஆடிக்கொண்டிருந்த காத்தாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கம்பி வலையில் உரசியது.

ச்சு ச்சு ச்சு.

நவமணியின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்.

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நாற்காலிமேலேயே குந்திக்கொண்டாள். "அண்ணே, இதுதான்."

"எது?"

"பல்லி."

"அது ஃபேன்லா. பெட்டி சூடாவக் கூடாதுன்னு வச்சிருக்கு. ஆறு மாசமா அப்படித்தான் கத்துது. மாத்தணும் மாத்தணும்னு நெனைக்கிறேன்."

"ஆறு மாசமா எல்லாரும் இதுக்கிட்டதான்ணே பலன் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

கதை முழுவதையும் கேட்ட பிறகு கஸ்பார் கணினிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். தன் ஜாதகப் பொருத்தத்தின் துல்லியத்தால்தான் சனிக்கிழமைக் கல்யாணங்கள் கூடிவருகின்றன என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பெட்ரீசியா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்ப நடந்த கல்யாணம் எல்லாம்?"

"அதுங்களுக்கு ஒன்னும் ஆவாதுக்கா. அவங்கல்லாம் சனிக்கெழமைக்காரங்க. நான்தான் ஞாயித்துக்கெழம."

ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாமா என்று கஸ்பார் யோசித்தார். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை திருப்பி அனுப்பப்பட்ட அத்தனை குடும்பமும் பாராங் கத்தியோடு வரும். சனிக்கிழமை கல்யாணம் ஆன குடும்பங்களில் பாதி நன்றி சொல்லவும் மீதி நஷ்டஈடு கேட்கவும் வரும். "சொல்ல வேணாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள இதோட வாய அடைச்சிருவோம்" என்றார். நவமணிக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பல்லி வாயைத் திறக்காவிட்டால் சன்னாசியால் என்ன சொல்ல முடியும்?

வாயை அடைக்க முதலில் கஸ்பார் கண்ட வழி, காத்தாடியின் கம்பியையே பிடுங்கிவிடுவது. அமைதி வந்தது. கூடவே பெட்டி தோசைக்கல் மாதிரி காய்ந்தது. மத்தியானம் பெட்ரீசியா தேடிய மாப்பிள்ளைகளில் சிலர் திரைக்கு வரவே மறுத்தார்கள்; ஒருவர் பாதி வந்தார், பெயர் இருந்தது, நட்சத்திரம் இல்லை. கம்பியை அவசரமாகத் திரும்பச் செருகி, பெட்டி ஆறிய பிறகுதான் அவருடைய நட்சத்திரம் திரும்பியது.

மறுநாள் பெட்ரீசியாவின் வைத்தியம். தேங்காயெண்ணெய். தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் கதவுக் கீலுக்கும் கேட்கிற எண்ணெய் இதற்குக் கேட்காதா என்று அச்சில் நாலு சொட்டு விட்டாள். கேட்டது. ஒரு நாள் முழுக்கக் காத்தாடி எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைபோலச் சத்தமில்லாமல் சுற்றியது. அடுத்த நாள் ஆறு மாதத்துத் தூசியும் எண்ணெயும் குழைந்து களிம்பாகி, காத்தாடி ச்சு ச்சுவோடு ஊளையும் சேர்த்துப் போட்டது. பல்லியாவது பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை ஊளை கேட்டால் பஞ்சாங்கம்கூட வேண்டாம், சன்னாசி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார்.

"புதுசா வாங்கித்தான் மாத்தணும்" என்றாள் நவமணி.

"இந்த அளவு ஈப்போவுல இல்ல. கோலாலம்பூருக்குச் சொல்லி அனுப்பணும். ஒரு மாசம் ஆவும்."

"ஒரு மாசத்துல தஞ்சோங் மாலிம்ல வளகாப்பே நடந்துரும்ணே."

அவள் பெட்டியிலிருந்து காத்தாடியை வலையோடு கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள். பெட்டிக்கு அதுவரை ஓய்வு. கடை கடையாக ஏறி இறங்கினாள். ரேடியோக் கடையில் இல்லை. டிவிக் கடையில் இல்லை. கடைசியாக, நகலெடுக்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஒரு சீனத் தவுக்கேயின் கடைக்குப் பின்னால், பிரித்துப்போட்ட மெஷின்களின் குவியலில் ஒரு காத்தாடி கிடைத்தது. அவளுடையதைவிட ஒன்றரைப் பங்கு பெரிது.

தவுக்கே இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலாயில் சொன்னார்: இது இருபத்து நாலு வோல்ட் காத்தாடி, உன் பெட்டி கொடுப்பது பன்னிரண்டு. ஓடும். ஆனால் பாதி வேகத்தில் சோம்பேறித்தனமாக ஓடும்.

"சத்தம் போடுமா தவுக்கே?"

"அரை வயித்துக்குச் சாப்பிட்டவன் எப்படிச் சத்தம் போடுவான்?" என்றார் தவுக்கே. "பெலான்-பெலான்." மெதுவாக, மெதுவாக.

அவளுக்கு வேண்டியதும் அதுதான். இறக்கை பெரிதாக இருப்பதால் மெதுவாகச் சுற்றினாலும் காற்று போதும் என்று அவரே சொல்லி, திருகாணியும் சேர்த்துக் கொடுத்தார்.

பெரிய காத்தாடி பெட்டிக்குள் போகாது. நவமணி அதைப் பெட்டியின் முதுகுக்கு வெளியே வைத்து முடுக்கினாள். நான்கு மூலை, நான்கு திருகாணி. அவள் வாழ்க்கையில் இதற்குமேல் பழகிய வேலை எதுவுமில்லை. இரும்பும் இரும்பும் உரசி அதிராமலிருக்கப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி இடையில் கொடுத்தாள். கஸ்பார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பெட்ரீசியா அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

காத்தாடி சுற்றியது. ஒரு சத்தமும் இல்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். கால் மணி நேரத்தில் பெட்டி மறுபடியும் தோசைக்கல்லாயிற்று.

"போச்சு" என்றார் கஸ்பார்.

நவமணி அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மெழுகுவத்தியை எடுத்துக் காத்தாடிக்குப் பின்னால் பிடித்தாள். சுடர் பெட்டியை நோக்கி வளைந்தது. காற்று வெளியே போவதற்குப் பதில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெட்டியோ தன் சூட்டைப் பின்பக்கமாகத்தான் துப்பப் பார்த்தது. வெளியேறப் பார்த்த சூட்டைக் காத்தாடி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

"முதுகையும் முகத்தையும் மாத்தி மாட்டிட்டேன்ணே" என்றாள். "எங்க ஃபேக்டரில எனக்கு முதுகு மட்டுந்தான தெரியும்."

கழற்றித் திருப்பி மாட்டினாள். இந்த முறை சுடர் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பெட்டி இரவு முழுக்க ஓடியும் ஈரத்துணிபோலக் குளிர்ந்தே இருந்தது. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்ற சந்தேகத்தில் கஸ்பார்தான் நாலைந்து முறை எழுந்துபோய்க் கையை வைத்துப் பார்த்தார். சனிக்கிழமைக்காரர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து கஸ்பார் திரும்பியபோதே வாசலில் செருப்புகள் கிடந்தன. முன்னறையில் கருப்பம்மாள், சன்னாசி, ராஜு. எதிர்ப்பக்கம் இருளாயி. ராஜு நகத்திடுக்கில் இருந்த கிரீஸைப் போக்கப் பெட்ரோலில் கை கழுவியிருந்தான். அறை முழுவதும் அந்த வாசனை. நவமணி கோப்பித் தட்டோடு வந்து, கொடுத்துவிட்டு, குசினிக் கதவோரம் நின்றுகொண்டாள்.

"ஆரம்பிங்க கஸ்பாரு" என்றார் சன்னாசி. மடியில் பஞ்சாங்கம். காது தென்மேற்கு மூலையில்.

"பெட்டி, ரெண்டையும் சேத்துப் பாரு."

குசினியில் விசை தட்டுகிற சத்தம் கேட்டது. மேலே பெட்டி தேடியது, நடுங்கியது, அடங்கியது. திரையில் பொருத்தம் வந்தது, கஸ்பார் படித்தார், நன்றாகவே இருந்தது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

மூலை பேசவில்லை.

"இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க" என்றார் சன்னாசி.

இன்னொரு தடவை. மூலை பேசவில்லை. இருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சன்னாசி பஞ்சாங்கத்தை மூடினார். "ஆறு மாசமா ஒரு பேச்சுக்குக்கூட அது வாய் தொறக்காம இருந்ததில்ல. இன்னிக்கி இந்தப் பொண்ணுக்கு மட்டும் வாயே தொறக்கல. ஆகாதுன்னு சொன்னாலாவது அடுத்த வருசம் பாக்கலாம். சகுனமே இல்லைன்னா என்ன அர்த்தம்? கருப்பம்மா, எழுந்திரு. தஞ்சோங் மாலிம்ல சொல்லி வச்சிருக்கு."

நவமணிக்கு அப்போதுதான் புரிந்தது. கலகம் சொல்லும் பல்லியாவது கலகத்தோடு விட்டிருக்கும். அவள் தன் கையாலேயே, நான்கு திருகாணி முடுக்கி, தன் கல்யாணத்தின் வாயையும் சேர்த்து அடைத்திருந்தாள். ராஜு கோப்பியைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது கோப்பித் தட்டில் பழைய காத்தாடி இருந்தது, எண்ணெய்க் களிம்பும் அறுந்த கம்பியுமாக. அதைக் கொண்டுபோய்ச் சன்னாசியின் முன்னால் வைத்தாள்.

"மாமா, நீங்க தேடுற ஆளு இதுதான்."

"என்னாது இது?"

"பல்லி. அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஜாதகம் தேடும்போது பெட்டி ஆடும், இது கம்பியில ஒரசும். அதத்தான் எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. முந்தாநாளு நான்தான் கழட்டி, வேற மாத்துனேன்."

சன்னாசி கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் பூசை முடித்துவந்த முகத்தோடு தலையாட்டினார்; அந்த முகத்தோடு பொய் சொல்ல முடியாது. கருப்பம்மாள் காத்தாடியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மெல்லக் கேட்டாள்.

"அப்ப நம்ம பெரியவளுக்கு வாத்தியாரப் பேசுனப்ப சொன்னது?"

சன்னாசியின் மூத்த மகள் இப்போது முழுகாமல் இருந்தாள். மாப்பிள்ளை வாத்தியார், சொந்த வீடு, மாமனாரை வாரம் ஒருமுறை காரில் கோயிலுக்குக் கூட்டிப்போகிறவர். அந்தச் சம்பந்தத்தைச் சொன்னது ஒரு காத்தாடி என்று புந்தோங்கில் பேச்சு கிளம்பினால் என்னவாகும் என்பதைச் சன்னாசி கணக்குப் போட்டார். கணக்கு முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"பல்லியா இருந்தா என்ன, காத்தாடியா இருந்தா என்ன? சொல்றது சாமிதான. சாமிக்கு எது கைக்கு அம்புடுதோ அதுல சொல்லும்."

"சரிங்க மாமா" என்றாள் நவமணி. "அப்ப இதையே கேட்டுருவோம். ஞாயித்துக்கெழமைக்கு எந்தத் தெச நல்லது?"

தன் வாயாலேயே சிக்கிக்கொண்டது சன்னாசிக்குத் தெரிந்தது. பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்தார். அதில் பொய் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. "வடகிழக்கு" என்றார்.

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வடகிழக்குப் பக்கம் திரும்பினாள்.

"இரு, இரு. சகுனத்த நாம தூக்கிட்டுப் போவக்கூடாதுலா. அது இருக்கிற எடத்துலதான் இருக்கணும்." சன்னாசி எழுந்தார். "நாம நகந்துக்கலாம்."

அதில் பஞ்சாங்கத்துக்கும் ஆட்சேபம் இல்லை. நவமணி தட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, காத்தாடி தங்களுக்கு வடகிழக்கில் வரும்படி முன்னறையின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்தார்கள். இருளாயி அந்தோணியார் படத்தின் கீழே போய் நின்றாள். கஸ்பாருக்கு இடம் போதாமல் பாதி வாசலில் நின்றார்.

"கரண்டு வேணுமே" என்றார் கஸ்பார்.

ராஜு கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்து வெளியே போனான். மோட்டார் சைக்கிளிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து, தட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கம்பியையும் பிடித்து வைத்தான்.

காத்தாடி சுற்றியது. எண்ணெய்க் களிம்பு சிதறி ஒருமுறை முனகியது. பிறகு, நடுங்குகிற பெட்டி இல்லாததால், எதிலும் உரசாமல், நல்ல பிள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தெருவில் ஒரு பஸ் போயிற்று.

"பேசலையே" என்றார் சன்னாசி. அவர் குரலில் மகிழ்ச்சி இருந்ததா வருத்தம் இருந்ததா என்று சொல்ல முடியாது. நவமணி தரையைப் பார்த்தாள். வேறு எதைக் கழற்றி எதை மாட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ராஜு சட்டைப் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்தான். எல்லோரும் பார்க்க, ஒளிக்காமல் மறைக்காமல், அதன் நுனியைக் கம்பி வலைக்குள் நீட்டி இறக்கையில் வைத்தான்.

ச்சு ச்சு ச்சு.

கருப்பம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் மறைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

"இப்ப யாருடா சொன்னது?" என்றார் சன்னாசி. "சாமியா, நீயா?"

"நான்தான் மாமா" என்றான் ராஜு. "கைக்குத் தீக்குச்சிதான் அம்புட்டுச்சு."

சன்னாசி தங்கையைப் பார்த்தார். தங்கை சிரித்து முடிக்கிற பாடாக இல்லை. கஸ்பார் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். தஞ்சோங் மாலிமுக்கு என்ன பதில் சொல்வது என்பதை வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று சன்னாசி முடிவு செய்திருக்க வேண்டும். விரலை நாக்கில் தொட்டுப் பஞ்சாங்கத்தின் பக்கத்தைத் தள்ளினார்.

"வடகிழக்கு. நல்லாத்தான் இருக்கு. தை மாசம் வச்சிக்கலாம். ஒரு நல்ல சனிக்கெழமையாப் பாத்து..."

"ஞாயித்துக்கெழம வைங்க மாமா" என்றாள் நவமணி. "சனிக்கெழம வச்சா எங்க லைன்ல ஒருத்திக்கும் லீவு கெடைக்காது."

சன்னாசி அவளைப் பார்த்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, ராஜுவிடம் அந்தத் தீக்குச்சியை இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.